வெள்ளிக் கை கொடுத்த பிறகு

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
ஜெபமாலை மாதா திருநாளுக்கு மறுநாள்

அன்பு மகன் அமலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாதா அந்த அளவுக்குக் குறை வைக்கவில்லை. மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் உன் பேரைச் சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பா கையில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டு அவரும் கேட்பார், நான் சொல்ல வந்ததை அப்படிச் சொல்ல முடியாது. நம் தெரு செல்வின் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பொடியைப் பங்கு போடும் முன் கடிதத்தை எடுத்துவிடு.

மே மாதம் அப்பாவுக்கு வலது கை விழுந்தபோது டாக்டர் சொன்னதை நீ போனில் பாதிதான் கேட்டாய், அழுதுகொண்டிருந்தாய், அதனால் திரும்ப எழுதுகிறேன். மூளைக்குள் ஆழத்தில் நூல் கனத்தில் ஓடுகிற சின்ன இரத்தக் குழாய் ஒன்று அடைத்துவிட்டது. பல வருஷமாகப் பிரஷர் ஏறிக் கிடந்ததில் அந்த மாதிரிச் சின்னக் குழாய்கள் தடித்துப்போகுமாம், ஒன்று அடைத்தால் இன்னொன்றும் அடைக்கலாம், அடுத்தது பேச்சையோ நடையையோ நினைவையோ கொண்டுபோகலாம். பிரஷருக்கு, இரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு என்று மாத்திரை எழுதி, பீடியை விடச் சொல்லி, உப்பைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார். இது போன கையைக் கொண்டுவர அல்ல, அடுத்தது வராமல் இருக்க என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அப்பா கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை வந்தது. நீ நேர்ந்துகொண்டபடி, அனுப்பின பணத்தில் வெள்ளியில் ஒரு கை செய்து வாங்கி, ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாவன்று அப்பாவே அந்த வலது கையால் எடுத்துப்போய் மாதா பாதத்தில் வைத்தார். உன் அத்தை எமில்டா கோயிலுக்குள்ளேயே அழுதாள். நீ போட்டோவில் பார்த்தது அதுவரைக்கும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினதும் மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டி, “ஏளா, மாதா கையத் திருப்பித் தந்துட்டா. பெறவும் மாத்திரையத் தின்னா, நம்பாதவன் மாதிரில்லா இருக்கும்?” என்றார். மாதாவை நம்ப வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்ல? அதோடு மாத்திரையும் தினசரி நடையும் நின்றன. உப்பு விளைகிற ஊரில் பிறந்துவிட்டு உப்பில்லாத மீன்குழம்பா என்று தட்டைத் தள்ளினார், அண்ணனுக்கு நாக்கு செத்துப்போகும் என்று எமில்டா கருவாடு கொடுத்துவிட்டாள். பீடியை மட்டும் திரும்பத் தொடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

செப்டம்பரில் ஒரு காலை காபி குடித்துக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இறங்கி, காபி சட்டையில் ஒழுகியது. என்னைக் கூப்பிட்டார், பேர் குழறி வந்தது. வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் வாய் நேராகிவிட்டது, பேச்சும் தெளிந்துவிட்டது. சரியாப்போச்சு, ஆஸ்பத்திரி எதுக்கு என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏற்றிக்கொண்டு போனேன். பிரஷர் கண்டபடி ஏறியிருந்தது. தானாகச் சரியானாலும் அது எச்சரிக்கைதான், எந்த நேரமானாலும் இப்படி உடனே வரவேண்டும் என்றார் டாக்டர். உன்னிடம் வாயுத் தொந்தரவு என்று அப்பா சொன்னது இதைத்தான்.

திரும்பி வரும்போது, தோணி ஓட்டின மனுஷனிடம் ஆட்டோவில் கேட்டேன். “தோணிய சாமியார் மந்திரிச்சுட்டுப் போன பெறவு, ஓட்டைய அடைக்காமலா கடல்ல இறக்குனிய?” “அது மரம்ளா” என்றார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார், அதில் அப்பாவுக்குக் கோபம். வாசலில் இறங்கித்தான் சொன்னார், “நேர்ந்தவன் அமலன். நிறுத்தலாமா கூடாதான்னு அவன் சொல்லட்டும். அதுவரைக்கும் தின்னுதேன்.” அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. பிரஷரும் இறங்கியிருக்கிறது. எமில்டா கொடுத்த கருவாட்டை அவள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன், இரண்டு வாரமாக என்னோடு பேச்சில்லை. கணக்கு நோட்டில் மாத்திரையை இப்போது மருந்துச் செலவில் எழுதுவதில்லை, அரிசி, எண்ணெயோடு சேர்த்து எழுதுகிறேன். மருந்து என்றால் என்றைக்காவது முடியும் என்று மனசு பார்த்துக்கொண்டே இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருநாள் முடியட்டும் என்றிருந்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கப்போகிறார், பூசை முடிந்து வந்ததும் கேட்பார். நிறுத்துங்கள் என்று நீ சொல்லமாட்டாய், தெரியும். ஆனால் சாப்பிடுங்கள் என்றும் சொல்லிவிடாதே. முப்பது வருஷம் தோணியை நடத்துகிற தண்டலாக இருந்த மனுஷன். துறைமுகத்தில் அனுமதி வரும்வரை எத்தனை நாளானாலும் நங்கூரத்தைத் தொட மாட்டார், வந்துவிட்டால் பிறகு ஓட்டுவது அவர் இஷ்டம், முதலாளி சொல்லையும் கேட்டதில்லை. நீ சாப்பிடச் சொன்னால் அம்மா சொல்லிக்கொடுத்தது என்பார், ஒரு மாதம் தின்பார், பிறகு தன் இஷ்டம். காத்திருக்கும்போதுதான் அவர் ஒழுங்கு. அதனால் “யோசிக்கிறேன் அப்பா, மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று மட்டும் சொல். பொய்யாகாமல் இருக்க உண்மையாகவே கேள். கிறிஸ்மஸுக்கு வரும்போது முகத்துக்கு நேரே கேட்டாலும் அதே பதில்தான். மற்றதை மாதாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது, பிரஷர் தலைவலி காட்டிக்கொண்டு வருவதில்லை, அங்கே கம்பெனி டாக்டரிடம் ஒரு தரம் கையை நீட்டிப் பார்த்துவிடு. வருகிறபோது அப்பாவுக்கு முந்திரி, பிஸ்தா வாங்குவதானால் உப்புப் போடாததாகப் பார்த்து வாங்கு. சேசுவின் ஆசீரும் மாதாவின் காவலும் உன்மேல் இருக்கட்டும். எல்லோரும் கடிதத்தை முடிக்கும்போது உடனே பதில் போடு என்று எழுதுவார்கள். நீ போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இசபெல்லா