பெயிண்ட் கடை முகப்பில் ஒரு விரிசல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். எப்போதும்போல ஒப்புக்கு எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும்.

கடைக்கட்டடம் தப்பித்ததம்மா! இடிக்க வேண்டியதில்லை என்று நகராட்சி இன்ஜினியர் நேற்று சொல்லிவிட்டார். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் இருக்கும் தையல்காரர் மெஷினை மூடிவிட்டு, "இனிமே எங்கம்மா போவேன்?" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முகப்பில் மேலிருந்து கீழே ஓடும் அந்த விரிசலால்தான். ஊருக்கெல்லாம் பெயிண்ட் விற்கும் மனிதராயிற்றே உன் அப்பா, தன் கடையிலேயே விரிசல் தெரிந்தால் மானம் போய்விடும் என்று வருஷா வருஷம் சிமெண்டை அடைத்துப் பெயிண்ட் அடிப்பார், அது அடுத்த வெயிலுக்கே பல்லைக் காட்டும்.

இன்ஜினியர் பூச்சைச் சுரண்டச் சொன்னார். பார்த்தால், ஒட்டினாற்போல் இரண்டு கட்டடம், விரிசல் என்று பயந்தது நடுவிலிருக்கும் இடைவெளி! அப்புறம்தான் உன் பெரிய அத்தை வாயைத் திறந்தார். உன் அப்பா பிறக்கும் முன்னால் அங்கே தாத்தாவுக்குத் தானியக் கடை, பக்கத்தில் அவர் தம்பிக்குப் பாத்திரக் கடை. இருவருக்கும் பேச்சு கிடையாது. அண்ணன் சுவரில் என் உத்திரம் ஏறாது என்று தம்பி வீம்புக்குத் தனிச்சுவர் எழுப்பினாராம். பிறகு ராசியானதும் நடுவில் வழி உடைத்து ஒரே கடையாக்கி, சண்டை போட்ட சுவடே தெரியக்கூடாதென்று முகப்பை ஒரே பூச்சாகப் பூசிவிட்டார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், "வெட்கக்கேட்டை யாராவது வெளிய சொல்லுவாங்களா?" என்கிறார். நல்ல வெட்கம் போ! கட்டடமே போயிருக்கும்.

இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு இன்ஜினியர் சிரித்தேவிட்டார். "ரெண்டும் நல்லா நேராதான் நிக்குது. ஒட்ட வைக்காம விட்டாலே போதுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லார் முன்னாலும் அழுதேன். இடைவெளிமேல் ஒரு தகரப்பட்டை அடித்தால் மழை இறங்காதாம். அந்தப் பட்டைக்கு என்ன கலர் அடிப்பது என்று உன் அப்பா இப்போதே தையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். மதியம் சோறும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கடையைக் காலி செய்ய ஒத்தாசைக்கு வருகிறேன் என்று டிக்கெட் போட்டாயே, அதை ரத்து செய்துவிடாதே. கஷ்டம் வந்தால்தான் அம்மா வீட்டுக்கு வர வேண்டுமா? சும்மா வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா