பனிமேல் தூவிய மண்

அன்பு மகள் குன்சஸுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் சுகம், நீ உடம்போடு மனதும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெண்ணெய் விளக்கு ஏற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். புனேயில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாமே, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. நீ போன் செய்யும்போது உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவர் காதுபட எதுவும் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதி பதும் டவுனுக்குப் போகிற ஜீப்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இலையுதிர் காலத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது உனக்குத் தெரியும். மேலே பனியாறு சுருங்கிவிட்டது, இனி இந்த ஓடையை நம்பி இத்தனை வீடுகள் பிழைக்க முடியாது, ஆற்றங்கரைச் சரளை நிலத்தில் மனை பிரித்துக்கொண்டு எல்லோரும் இறங்கிவிடலாம் என்று பேச்சு. உன் அப்பா மட்டும் எழுந்து, "எனக்கு ஒரே ஒரு வசந்தம் குடுங்க. என் தோட்டம் பச்சை பிடிச்சா நான் இறங்க மாட்டேன், பிடிக்கலேன்னா உங்களுக்கு முன்னாடி நான் மூட்டை கட்டறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கும் இறங்க மனமில்லை. குழியில் புதைத்து வைத்த டர்னிப்பும் முள்ளங்கியும் ஜனவரியில் தோண்டியபோது அழுகாமல் இருந்தன, பிளாஸ்டிக் கூரைக் கொட்டகையில் கீரை விரல் உயரம் நின்றது, இந்த வருஷம் நமக்கு வாய்த்துவிடும் என்றே நம்பினேன்.

ஆனால் பனி சரியாக விழவில்லை. சுற்றுச்சுவர் மூடுமளவு பனி விழுகிற தோட்டத்தில் ஒரு சாண் கூட இல்லை. எப்போதும் போல உன் அப்பா காய்ந்த மண்ணைக் கூரையில் குவித்து வைத்திருந்தார். அதை மார்ச் பாதிக்கு மேல், வெயில் உறைத்து அடிநிலம் இளகிய பிறகுதான் பனிமேல் தூவுவோம், கறுத்த மண் வெயிலை இழுத்துப் பனி உருகும், உருகிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். இந்த முறை அவருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் முதலில் பச்சை தெரிவது நம் தோட்டமாக இருக்க வேண்டும் என்று பிப்ரவரியிலேயே கூடை கூடையாகக் கொண்டுபோய்த் தூவிவிட்டார். நாலு நாள் நல்ல வெயில். பனி உருகியது, ஆனால் அடிநிலம் கல்லாக உறைந்து கிடந்ததால் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை, அத்தனையும் வரப்பு தாண்டிச் சந்துக்குள் ஓடி அங்கே கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. அப்பாவை அண்ணன் முறை வைத்து 'அச்சோ' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மோருப்பின் கழுதை அதில் வழுக்கி விழுந்தது. "அச்சோ தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சல, தெருவுக்குப் பாய்ச்சியிருக்காரு, தெருவுல என்ன வெதைக்கப் போறீங்க அச்சோ?" என்று மோருப் சிரித்தான். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார், வீட்டுக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பனி விழவே இல்லை மகளே. மற்றவர்கள் தோட்டத்தில் கிடந்த கொஞ்சம் பனி மார்ச்சில் மெதுவாக உருகி மண்ணுக்குள் போனது. நம்முடையது புழுதி. அப்புறம் காற்று வந்தது, தூவிய மண்ணையும் அள்ளி, கொட்டகைக் கூரையையும் கிழித்துக்கொண்டு போனது, கீரை ஒரே இரவில் குளிரில் கருகிவிட்டது. இந்த வருஷம் தண்ணீர் முறை பார்ப்பது மோருப்தான். பார்லிக்குப் பிறகுதான் காய்கறித் தோட்டம் என்பது ஊர் முறை, அவனைக் குற்றம் சொல்ல வழியில்லை. உன் அப்பா போய் ஒரு இரவுத் தண்ணீர் கேட்டிருக்கிறார். "பார்லி குடிச்ச மிச்சம் உங்களுக்குத்தான் அச்சோ, மிச்சம் இருக்கான்னு நீங்களே வந்து எட்டிப் பாருங்க" என்றானாம். கேலியாகச் சொல்லவில்லை, அவன் குரலும் உடைந்திருந்தது என்கிறார். போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஓடையில் கூழாங்கல் நனையுமளவு தண்ணீர். அன்றிலிருந்து ஊற்றில் தகர டின்னில் தண்ணீர் பிடித்து வெங்காயப் பாத்திக்கு மட்டும் சுமந்து ஊற்றுகிறார், ஊற்றிய இடம் அவர் அடுத்த நடை வருவதற்குள் வெளுத்துவிடுகிறது. வேண்டாம் என்றால், "நீ உள்ள போ யாங்சன், காத்து அடிக்குது" என்கிறார். மறுபடி டின்னைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு நடக்கிறார்.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். மே மாதம் விதைக்க எடுத்து வைத்திருந்த பட்டாணியை எடுத்து ஊறப்போட்டு, மாலையில் வேகவைத்தேன். விதையைச் சமைப்பது இந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம். கிண்ணத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார், இன்னொரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார். இன்று காலை தகர டின்னைத் தொடவில்லை, மோருப் வீட்டுக்குப் போய் ஆற்றங்கரை மனைப் பட்டியலில் சேர்க்க நம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிப்ரவரியைப் பற்றி அவரிடம் கேட்காதே. நீ அழுதுகொண்டு லீவு போட்டு வரவும் வேண்டாம், வந்து செய்ய ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்தால் தோழிகளோடு சேர்ந்து வா, புத்தர், தர்மம், சங்கம் மூன்று ரத்தினங்களும் உன்னைக் காக்கட்டும். ஜூலையில் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள், ஸ்தூபித் திருப்பம் வரை ஜீப்பில் ஏறி வராதே, கீழே ஆற்றுப் பாலத்திலேயே இறங்கிவிடு. மேலே யாரும் இருக்க மாட்டோம்.

உன் அம்மா,
யாங்சன்