எண்ணெய் தேய்த்துக் கடலில் இறங்கியவனுக்கு

தென்காசி
ஞாயிறு

அன்பு மகன் பேச்சிராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீ உயிரோடு இருப்பதாக உன் பெண்டாட்டி ஷாரோன் போனில் சொல்லிவிட்டாள், அதனால் உன் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை.

மஸ்கட் பக்கம் நீ கண்டுபிடித்த கடற்கரையைப் பற்றி எழுதியிருந்த வர்ணனையை அப்பா தெருவுக்கே வாசித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் மலை மறைத்து நிற்கிறதாம், நடுவில் வாசல்போலச் சிறு திறப்பாம், அலையே கிடையாதாம், வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதானாம். “குத்தாலத்துல குளிச்சவனுக்கு இந்தக் கடலெல்லாம் எம்மாத்திரம்” என்று கடைசியில் உன் பெருமை வேறு. அருவிக்கு அடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையே நீச்சல் என்று நினைக்கிற குடும்பம் நம்முடையது.

மிச்சத்தை ஷாரோன் சொன்னாள். மகராசன் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கினாயாமே. அது போதாதென்று ஐந்தருவியில் நிற்பதுபோல் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் திறப்புப் பக்கம் போய் நின்றாயாம். கடல் உள்வாங்கும் நேரத்தில் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே ஓடும் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். மணப்பாட்டுக் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு என்ன தெரியும், நீதான் இன்ஜினியர். கால் தரையை விட்டதும் பிடிக்கக் கம்பியைத் தேடினாயாம், கடலில் யாரப்பா கம்பி போட்டு வைப்பார்கள், பஞ்சாயத்தா? அவள் நீந்தி வந்து கையைப் பிடித்தால் நழுவுகிறது, தோளைப் பிடித்தால் நழுவுகிறது. “பிடிக்கப் பிடிக்க வழுக்குது அத்தை, எனக்கு உசுரே போயிட்டு” என்று அழுதாள். கடைசியில் பனியனைப் பற்றி இழுத்துவந்தாளாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடற்கரைப் பெண் நமக்கு ஒத்துவருமா என்று கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த உன் அப்பா, நேற்று அவராகவே அவளைக் கூப்பிட்டு, “சாப்பிட்டியாம்மா” என்று மட்டும் கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நீச்சலை அவளிடமே கற்றுக்கொள். அதுவரை முழங்கால் தண்ணீர் உனக்குத் தாராளம். இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும், ஆசீர்வாதத்தில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். லீவில் வந்திருக்கும் கடையநல்லூர் மசூது வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார், முறுக்கும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் மட்டும் கேட்காதே. தலை காய்ந்தாலும் பரவாயில்லை, அவள் பிடித்தால் நீ கைக்கு அகப்பட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பாலம்மாள்