கசெற் காசும் என் பொறாமையும்

என் சறோ மச்சாளுக்கு,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் போகவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் வரலாற்றுச் சங்கத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். நீ கசெற் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளுக்குப் போய், ஊரை விட்டு இந்த நகரத்துக்கு முதலில் வந்த நம் ஆட்களின் கதைகளைப் பதிந்தாய். நான் பொருளாளர். ஆண்டுக் கூட்டத்தில் நீ பேசினால் தேத்தண்ணி ஆறிப்போகும், ஒருவரும் எழும்பமாட்டார்கள். நான் கணக்கறிக்கை வாசிக்கத் தொடங்கினால் வடைத் தட்டுக்கு முன்னால் வரிசை நிற்கும். மண்டப வாடகையை யார் ஓடித்திரிந்து சேர்க்கிறார்கள் என்று எவராவது கேட்டார்களா?

உன் செத்தவீட்டில் நிறைந்திருந்த சனத்தைப் பார்த்தபோதுகூட, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் மனம் கேட்டது. நீ சிரிப்பாய், தெரியும்.

போன மாதம் நடந்ததைக் கேள். டோர்செட் பார்க் தொடர்மாடியின் பார்ட்டி றூமில் கூட்டம். உனக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், கலரில், தடித்த அட்டையோடு என்றார் தலைவர் ரஞ்சன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"காசு இருக்குத்தானே, தவம் அக்கா? பாங்கிலை சும்மாதானே கிடக்குது," என்று ரஞ்சன் என் பக்கம் திரும்பினார்.

அது சும்மா கிடக்கவில்லை. மனைவியை இழந்த நம் கனகசபை அண்ணை, உன் கசெற்றுகள் பழுதாகும் முன் கொம்பியூட்டருக்கு மாற்றச் சொல்லித் தந்த காசு அது. அதைவிட்டால் சங்கத்திடம் இருந்தது அடுத்த வாடகைக்கு மட்டும்தான்.

"உந்தக் காசிலை கை வைக்கேலாது," என்றேன்.

"சறோ அக்காவுக்கு எண்டு கேட்டும் தரமாட்டீங்களோ?"

பின்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "உவவுக்கு அவவிலை எப்பவும் எரிச்சல்தான்."

மச்சாள், என் முகம் சுட்டது. அவள் சொன்னது உண்மைதானே. நான் மறுப்பது அண்ணையின் காசைக் காப்பாற்றவா, பளபளக்கும் அட்டையில் உன் படம் வருவதைப் பொறுக்க முடியாமலா? அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

எழும்பி நின்றேன். "ஓம், எனக்கு அவவிலை பொறாமைதான். இண்டைக்கும் இருக்கு. அதுக்காக உது மலருக்குத் தந்த காசாகாது. மலர் அடிப்பம், எங்கடை கைக்காசிலை. முதல் ஆளா நான் தாறன்."

கனகசபை அண்ணை மெல்ல வாய் திறந்தார்.

"தம்பி ரஞ்சன், அந்தக் கசெற்றுக்குள்ளை என்ரை மனுசியின்ரை குரல் இருக்கு. படம் வீட்டிலை கனக்க இருக்கு. குரல் அதிலை மட்டும்தான்."

ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார். உன் மலர் சின்னதாக, கறுப்பு வெள்ளையில்தான் வரப்போகிறது. கோபிக்காதே.

போன கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு அஜின்கோர்ட்டில் கசெற் மாற்றும் கடைக்குப் போனேன். கசெற்றில் அவர் மனைவி பேசினார். வந்த முதல் குளிர்காலத்தில் இருவருக்கும் ஒரே ஒரு கோட்டுத்தானாம். தன்னை ஏற்றக் கார் வருகிறது என்று அண்ணைக்குப் பொய் சொல்லி, கோட்டை அவருக்கு விட்டுவிட்டு, பனிக்குள் நடந்தே வேலைக்குப் போனாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு இது தெரியாதே, பிள்ளை," என்று அண்ணை கடைக்குள் நின்றே அழுதார்.

அந்தப் பதிவு முழுக்க உன் குரல் "ம்... பிறகு?" என்று மட்டும்தான் கேட்கிறது. நானென்றால் இடையில் புகுந்து கோட்டு என்ன விலை என்று கேட்டிருப்பேன். கட்டியவருக்குச் சொல்லாததை ஒருத்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். எப்படி, மச்சாள்? அழுகிற மனிதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

மிச்சக் கசெற்றுகளையும் மாற்றி முடிக்கும் வரை அந்தக் காசில் எவரையும் கை வைக்க விடமாட்டேன். வருகிற சனிக்கிழமை அண்ணையின் கதையைப் பதியப் போகிறேன், முதல் தடவையாக நானே. அவர் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்கமாட்டேன்.

எரிச்சல் இன்னும் அடங்காத,
உன் மச்சாள் தவம்