மேஜை டிராயரில் ஐம்பத்தொரு நாள்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் அக்கா பழனியம்மாளுக்கு,

நீ எங்களை விட்டுப் போய், வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம். மச்சானும் நானும் ஒகேனக்கல் போய்த் திதி கொடுத்துவிட்டு வரப்போகிறோம். மச்சான் நன்றாக இருக்கிறார். மேல்காட்டில் ராகி போட்டிருக்கிறார். மழை தள்ளிப் போனதால் பயிர் முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. உன் மகள் கோமதிக்கு இது ஏழாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

இந்தச் செய்திகளை உன் படத்துக்கு முன்னால் நின்றே சொல்லியிருக்கலாம். ஊர் படிக்கும்படி பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைக் கடைசி வரை திருத்தவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நெஞ்சில் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டு, ஊசி விட்டு நுரையீரலில் கொஞ்சம் சதை எடுத்தார்கள். புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை என்று தெரிந்த நாளில் மச்சான் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ என்னைப் பார்த்து, "ஏன்டா, முப்பது வருசமா ஊதுனது நீ, இருமறது நானா?" என்றாய். நர்ஸ் சிரித்துவிட்டாள். அன்று மாலை பேருந்து நிலையத்தில் சிகரெட் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தேன். இன்று வரை தொடவில்லை.

உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி. என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "பழக்கம் எதுவும் இல்லாத பொம்பளைங்களுக்கு வர்ற நுரையீரல் கேன்சர்ல, மரபணு மாற்றம் ஏதாச்சும் இருக்கான்னு மொதல்ல பாக்கணுங்க. சில மாற்றம் இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு. ஊசி மருந்தைவிட நல்லாக் கேக்கும். இன்னும் கொஞ்ச காலம் சேத்துக் கெடைக்கும். ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் வைத்தியத்தையே முடிவு பண்ணணும்." அந்தச் சதையை மெழுகில் பதித்துத் தருவார்கள், லேபுக்கு அனுப்புவது வீட்டார் வேலை என்றார்.

தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் நூல் துண்டுபோல் உன் சதை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தருமபுரி வந்தேன்.

அப்போது கோமதிக்கு அதியமான்கோட்டையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பெண் கேட்டு வருகிறவர்கள் மூன்று ஊரில் விசாரிப்பார்கள். நிலம், படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து போகிற நேரத்தில், "வழிவழியா ஏதாச்சும் சீக்கு உண்டுங்களா?" என்று கேட்பார்கள். உனக்குப் புற்றுநோய் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுப்புப் புகை, பூச்சி மருந்து என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். அது உன்னோடு நின்றுவிடும் நோயாக இருந்தது.

மரபணு என்று காகிதத்தில் வந்துவிட்டால்? பெண்ணுக்கும் உண்டு, பேரப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றுதானே ஆகும்? நானும் அப்படித்தான் நினைத்தேன் அக்கா. மச்சானும் நினைத்தார். உன்னைப் பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார் கேட்டால் நீ உள்ளதைச் சொல்லிவிடுவாய், உனக்குப் பொய் வராது. ஆகவே, நிச்சயம் முடிகிற வரை ரிப்போர்ட்டே வரக்கூடாது என்று மச்சானும் நானும் முடிவு செய்தோம்.

அந்த மெழுகு லேபுக்குப் போகவில்லை. என் மேஜை டிராயரில் ஐம்பத்தொரு நாள் இருந்தது.

உன்னிடம், "லேப்ல லேட்டாவுதுக்கா" என்றேன். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னேன். இனியும் காத்திருக்க முடியாது என்று அவர் ஊசி மருந்தை ஆரம்பித்தார். இரண்டு முறை ஏற்றினார்கள். வாய் புண்ணாகி, களி உருண்டை தொண்டையில் இறங்காமல் நீ கஞ்சி குடித்துக் கிடந்தாய். அந்த நிலையில்தான் நிச்சயத்துக்கு வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தாய்.

முப்பத்து நான்கு வருடமாக நான் செய்தி எழுதுகிறேன். ஒரு கிணறு இடிந்தது என்றால்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதியதில்லை. இதை ஒருவரிடமும் கேட்கவில்லை. "இது பிள்ளைகளுக்கு வருமா டாக்டர்?" என்பது எவ்வளவு சின்னக் கேள்வி? பதில் ஆமாம் என்றிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்காமல் இருந்தேன்.

நிச்சயம் முடிந்தபின் மெழுகை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்த பிறகே கேட்டேன். டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார். "இது பொறப்புல வந்த மாற்றம் இல்லீங்க. அவங்க கட்டிக்குள்ள, பிற்பாடு உண்டானது. ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் குடும்பத்துல வரும், இவங்களுக்கு அப்படித் தெரியலை. கொழந்தைங்களுக்குப் போவாது. இதையா இத்தனை நாளா நெனைச்சுட்டிருந்தீங்க?"

மாத்திரை கேட்கும் மாற்றம் உன் கட்டியில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. மூன்றாவது வாரம் இருமல் நின்றது. அந்த மாத்திரையால் முகமெல்லாம் பரு வந்தபோது, "ஏன்டா, மறுபடியும் வயசுக்கு வந்துட்டனா?" என்று கோமதியின் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய். கல்யாணத்துக்கு நீயே முன்னால் நின்றாய். காரிமங்கலம் சந்தைக்குப் போய், பேரம் பேசி இரண்டு வெள்ளாடு பிடித்து வந்தாய். பதினோரு மாதம் அப்படி இருந்தாய்.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு மாற்றமும் இருந்தது. அதுவும் சேர்ந்திருந்தால் மாத்திரை வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் பலனிழந்துவிடலாம் என்று டாக்டரம்மா முதலிலேயே எச்சரித்திருந்தார். அப்படித்தான் ஆனது. நோய் மூளைக்கு ஏறியது.

உன் காரியம் முடிந்தபின் அவரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அந்த ஐம்பத்தொரு நாளில் என்ன போயிற்று என்று கேட்டேன். "இவ்வளவு போச்சுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஒண்ணும் போவலைன்னும் சொல்ல முடியாது" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லாததற்காக அவரை மதிக்கிறேன்.

போன மாதம் கோமதி உன் பீரோவை ஒழுங்கு செய்யும்போது ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் படித்திருக்கிறாள். என்னை வரச் சொன்னாள். சதை எடுத்த தேதியில் ஒரு விரல், லேபில் வாங்கிக்கொண்ட தேதியில் ஒரு விரல்.

"இது என்னோட நிச்சயத்துக்கு நாலு நா கழிச்சு இல்லீங்களா மாமா?"

கூரியர் தாமதம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மச்சான் எழுந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? இந்த எடம் போனா இன்னொரு எடம். அவ்ளோதானுங்களே மாமா?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதியமான்கோட்டை போனதும், அவளே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். "நாங்க என்ன அவ்ளோ கெட்டவங்களாங்க? சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்போம்?" என்று சத்தம் போட்டார். பிறகு குரல் இறங்கியது. "பொய் சொல்ல மாட்டனுங்க. அன்னிக்கின்னா நாங்களும் யோசிச்சுத்தான் இருப்போம்."

அதற்குப் பிறகு கோமதி என்னோடு பேசவில்லை. வளைகாப்புக்கு மச்சானிடம் நாள் கேட்டிருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் போன் வந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஐம்பது நாள்ல, ரிசல்ட் வந்துச்சான்னு அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க கண்ணு."

"எத்தனை தடவ?"

"மூணு தடவ."

பிறகு, "ஊரு சேதியெல்லாம் எழுதறீங்க இல்ல? இதையும் எழுதுங்க. இன்னொரு வூட்டுல இப்பிடி நடக்கக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதிவிட்டேன் அக்கா. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அப்படி ஒரு மெழுகு காத்திருந்தால் அவர்கள் என்னை அழைக்கட்டும். அன்றைக்கே அவர்களோடு லேபுக்குப் போகிறேன். வளைகாப்புக்குக் கோமதி கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அவள் உன்னைப் பற்றி இனி எது கேட்டாலும், முதல் தடவையே உண்மையைச் சொல்வேன். உனக்கு மூன்று தடவை கேட்டும் கிடைக்காதது உன் மகளுக்குக் கிடைக்கும்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப் பிறந்த தம்பி.