பட்டறைக்குப் பின்னால் ஒரு குழாய்

ஆரணி
2.6.2025

ஹேமலதாவுக்கு,

போனை எடுத்திருந்தால் திட்டி முடித்திருப்பேன். நீ எடுக்காததால் எழுதுகிறேன்.

உன் சாயப்பட்டறைக்குப் பின்னால், முள்செடிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது. எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் குழாய் இல்லை அது. நேராக ஆற்றுக்குப் போகிறது. இன்று காலை அதிலிருந்து ஆவி பறக்க அரக்குச் சிவப்பில் தண்ணீர் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

நாள் முழுக்க நான் அந்த நாற்றத்தில் நிற்பது எதற்கு? நம் தெருக்காரர்களின் சாயத்தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சுண்ணாம்பு போட்டுக் கசடைப் படியவைத்து, மிச்ச அழுக்கைக் கிருமிகள் தின்று முடிக்கும்வரை காற்று ஊதி, தெளிந்த பிறகுதான் ஆற்றில் விடுகிறோம். இந்த நிலையம் கேட்டு நாம் இரண்டு பேரும்தானே ரோட்டில் உட்கார்ந்தோம்? அதிகாரி முன்னால் ஆற்றுத் தண்ணீரை வைத்து, "குடிச்சிக் காட்டுங்க சார், நாங்க எழுந்து போயிடுறோம்" என்று கத்தியவள் நீ.

குழாயை அடை.

அன்புச்செல்வி

5.6.2025

செல்வி,

நலம் கேட்காமலே ஆரம்பித்தாய். நானும் கேட்கப்போவதில்லை.

தெருவில் என் குழாய் ஒன்றுதான் உன் கண்ணில் பட்டதா? உங்கள் நிலையம் வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் எங்கள் தண்ணீரை வாங்குகிறது. முகூர்த்தக் காலத்தில் மற்ற நாளெல்லாம் சாய அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காரவா? நூல் போகாவிட்டால் தறி நிற்கும். தறிக்காரர் என் வாசலில் வந்துதான் கத்துவார், உன் வாசலில் இல்லை. மாதம் பிறந்தால் உனக்குச் சம்பளம் வந்துவிடும்.

"மழை வந்தா எல்லாத்தையும் அடிச்சிகினு போயிடும். இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு இருக்குது உன் ஃபிரண்டு" என்கிறார் என் வீட்டுக்காரர்.

இனியாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கலசப்பாக்கம். என் மகள் கல்யாணத்தை நீதான் முன்னால் நின்று நடத்த வேண்டும். இதை இத்தோடு விடு.

ஹேமா

9.6.2025

ஹேமா,

விட மாட்டேன்.

நேற்று ஆற்றோரம் போனேன். அங்கே குடியிருக்கும் உண்ணாமலை அக்கா மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். ஊற்றிலேயே சிவப்பு. சினை ஆடு ஒன்று வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. "பிளாண்ட்டு ஓடிகினுதானம்மா இருக்குது? அப்புறம் எப்டிம்மா?" என்று என்னைக் கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. திருடி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

ஒரு நாள் போதவில்லையென்றால் சாயப்பட்டறைக்காரர்கள் சங்கத்தில் எழுந்து கேள். இன்னொரு தொட்டிக்காக இரண்டு பேரும் மறுபடி ரோட்டில் உட்காருவோம். மழை அடித்துக்கொண்டு போகுமாம்! எங்கே போகும்? கீழே இருப்பவர்கள் கிணற்றுக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் திங்களன்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே போவேன்.

செல்வி

25.6.2025

அன்புச்செல்விக்கு,

வந்தார்கள். ஜேசிபி வைத்துத் தோண்டி, குழாயை உடைத்து, கான்கிரீட் கொட்டினார்கள். தெருவே நின்று பார்த்தது. அன்று பார்த்து மாப்பிள்ளை வீட்டார் புடவை எடுக்க வந்திருந்தார்கள். "இது உங்க வீட்டுக் குழாயாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா இனியாவைக் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ எழுதியது அத்தனையும் சரி. உண்ணாமலை அக்காவுக்கு ஆடு வாங்கிக் கொடுத்துவிட்டேன். சங்கத்தில் இரண்டாவது தொட்டி கேட்டு முதல் ஆளாக எழுந்து சண்டை போட்டேன். கட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கிடைத்தது. படித்தேன். நீ போக மாட்டாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, தெரு பார்க்க என் கன்னத்தில் அறைந்திருக்கலாம் நீ. வாங்கிக்கொண்டிருப்பேன்.

கல்யாணம் நிற்கவில்லை. உனக்குப் பத்திரிகை வராது. நீயும் வராதே.

செவ்வாய்க்கிழமை எங்கள் தண்ணீர் வரும். திறந்து விடு.

ஹேமலதா