ஊட்டிவிட வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போனில் நீ அழுதாயே, அதனால்தான் இந்தக் கடிதம். வேலையை விட்டுவிட்டு வந்து உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றாயே, அது வேண்டாம் அம்மாடி. கோபத்தில் சொல்லவில்லை. இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த புதிதில் கோபம் இருந்தது உண்மைதான். காலம் பூராவும் பஸ் ஓட்டியவனை, அடுத்தவர் சொன்னால் எழவும் அடுத்தவர் சொன்னால் படுக்கவும் வைத்தால் எப்படி இருக்கும்? யாரோடும் பேசாமல் ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்துக் கிடந்தேன். உன்னிடமும் ஒற்றை வார்த்தைதான், நீயும் கவனித்திருப்பாய்.

என் பக்கத்துக் கட்டிலில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் சலூன்காரர்தான். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறல். வேளாவேளைக்கு ஒரு பெண் வந்து ஸ்பூனால் ஊட்டிவிடுவாள். நல்ல பெண்தான், ஆனால் அவளுக்காக இன்னும் எத்தனையோ கட்டில் காத்திருக்கிறது, இவர் விழுங்குமுன் அடுத்த ஸ்பூன் வந்துவிடும். ஒருநாள் மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. கன்னம் ஒட்டிப்போயிற்று. மூக்கில் குழாய் போடச் சொல்லலாமா என்று மேனேஜர் அம்மா வாசலில் நின்று பேசியது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும், இடது கையால் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்வையை இழுக்கிற கை ஸ்பூனைப் பிடிக்காதா?

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்கே போனேன். அவருக்கு யாரும் ஊட்டிவிட வேண்டாம், அவரே சாப்பிடட்டும் என்றேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். "அவர் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த வேளை வந்துடும் ஐயா. கூட யாரு உக்காந்திருக்கிறது?" "நான் உக்காந்திருக்கேன். எனக்கென்ன, வண்டியா கிளம்பப் போகுது?" என்றேன். சிரித்துவிட்டார். டாக்டரை வரவழைத்து, விழுங்குவதில் கோளாறு இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு, சில நாள் பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

முதல் நாள் வாய்க்குள் போனதைவிட மடியில் கொட்டியதுதான் அதிகம். துடைக்க வந்த பெண் முணுமுணுத்தாள், அவளையும் குறை சொல்ல முடியாது. ஸ்பூன் நழுவும்போதெல்லாம் எடுத்து ஊட்டிவிட என் கை பரபரத்தது, கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவர் கண்ணில் தண்ணீர். நான் அதைப் பார்க்காதவன் போல, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்லிக்கொண்டே என் தட்டை மெதுவாகக் காலி செய்தேன். இப்படியே நாள்கள் போயின. போன வாரம் அவர் தட்டும் காலியானது. தட்டைத் தள்ளிவிட்டு, குழறினாலும் எல்லாருக்கும் புரிகிற மாதிரி, "உப்பு பத்தல" என்றார். சமையல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தால் நீ ஓடி ஓடி என்னைக் கவனிப்பாய், நான் சோபாவில் உட்கார்ந்து உன் களைத்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே என்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பொழுது சாய்ந்ததுமே ஹாலில் டிவியை நிறுத்தி எல்லாரையும் படுக்கைக்குத் துரத்துகிறார்கள், அதை அடுத்துக் கேட்கப்போகிறேன், விடுவதாக இல்லை. உன் அம்மா நினைப்பு வந்தால் மட்டும் தூக்கம் போய்விடும், அது எந்த வீட்டில் இருந்தாலும் போகும். ஆகவே லீவு கிடைத்தால் பார்க்க வா, அழைத்துப் போக வராதே. மாப்பிள்ளையை மழைக்கு முன்னால் கார் டயரை மாற்றச் சொல், தேய்ந்த டயரை நம்பக்கூடாது. நீயும் நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு.

நாளைக் காலை சலூன்காரர் இடது கையால் எனக்குச் சவரம் செய்யப்போகிறார். அவராகவே கேட்டார். நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி மேனேஜர் அம்மாவும் விட்டுவிட்டார். உள்ளூரப் பயம்தான், ஆனாலும் உட்காரப்போகிறேன். வீடியோ காலில் என் கன்னத்தில் கீறலைப் பார்த்தால் பதறாதே.

குட்டிக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடியில்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா